டேட்டா சேகரிக்கப் போகிறவருக்கு எது சரியான வழி?

காலையில் உங்கள் தெருவுக்கு வரும் பால்காரரைக் கவனித்திருக்கிறீர்களா? அவர் கதவு எண் வரிசையில் போவதில்லை. கைக்குழந்தை உள்ள வீட்டுக்கு முதலில் போவார். ஒன்பது மணிக்கு எழுந்திருக்கும் வீட்டுக்குக் கடைசியில் போவார். நடுவில் உள்ள வீடுகளுக்கு எந்தச் சந்தில் நுழைந்து எந்தச் சந்தில் வெளியே வந்தால் சைக்கிள் மிதிப்பது குறையும் என்பது அவருக்கு அத்துப்படி. இதே கணக்கைக் கம்ப்யூட்டர் துறையிலும் போடுகிறார்கள். பாலுக்குப் பதில் டேட்டா, அவ்வளவுதான்.

இந்தப் பாடத்தில் அந்தக் கணக்கை உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரிலேயே போட்டுப் பார்க்கப் போகிறோம். எக்ஸெல் தெரிந்தால் போதும். புரோகிராம் எழுதத் தெரிய வேண்டியதில்லை. பி.இ. இறுதியாண்டில் நான் இந்தக் கணக்கைத் தப்பாகப் போட்டு ஒரு பெரியவரைத் தலைகுனிய வைத்துவிட்டேன். அதையும் சொல்கிறேன். நீங்கள் அந்தத் தப்பைச் செய்யாமல் இருக்கலாம்.

வயர்லெஸ் சென்சார் நெட்வொர்க் என்றால் என்ன?

சென்சார் என்பது வெப்பம், ஈரம், நீர்மட்டம் போன்றவற்றை அளக்கும் சிறு கருவி. அதனுடன் ஒரு குட்டிக் கம்ப்யூட்டர், கொஞ்சம் மெமரி, ஒரு ரேடியோ, ஒரு பேட்டரி இவற்றைச் சேர்த்து ஒரு பெட்டியில் அடைத்தால் அது ஒரு சென்சார் பெட்டி. இப்படிப் பல பெட்டிகளைக் காட்டிலோ வயலிலோ ஆங்காங்கே வைத்து, அவை அளப்பதை ஓரிடத்தில் சேர்த்தால் அதுதான் வயர்லெஸ் சென்சார் நெட்வொர்க்.

"ரேடியோதான் இருக்கிறதே, ஒவ்வொரு பெட்டியும் நேராக வீட்டுக்கே அனுப்பிவிடலாமே?" என்று கேட்பீர்கள். அங்கேதான் பேட்டரி குறுக்கே நிற்கிறது. திறந்த வெளியில் ரேடியோ இருமடங்கு தூரம் எட்ட வேண்டுமானால் நான்கு மடங்கு சக்தி வேண்டும். பத்து மடங்கு தூரத்துக்கு நூறு மடங்கு. தரையை ஒட்டி, செடி கொடிகளுக்கு நடுவே இன்னும் மோசம். நாள் முழுக்க உரக்கக் கத்துகிறவருக்குத் தொண்டை கட்டிவிடும் அல்லவா? அதே கதைதான்.

"அப்படியானால் ஒரு பெட்டி பக்கத்துப் பெட்டிக்குச் சொல்லி, அது அடுத்ததற்குச் சொல்லி, கைமாற்றிக் கைமாற்றி அனுப்பலாமே?" செய்யலாம். செய்கிறார்கள். ஆனால் வீட்டுக்குப் பக்கத்தில் உள்ள பெட்டி தன் டேட்டாவோடு மற்ற எல்லாப் பெட்டிகளின் டேட்டாவையும் சேர்த்துச் சுமக்க வேண்டும். முதலில் அதன் பேட்டரிதான் தீரும். அது செத்தால் பின்னால் உள்ளவை நன்றாக இருந்தும் பயனில்லை. மேலும் பெட்டிகள் ஒன்றுக்கொன்று எட்டாத தூரத்தில் இருந்தால் இந்த வழிக்கே இடமில்லை.

மூன்றாவது வழி, டேட்டா வருவதற்குக் காத்திராமல் நாமே போய் வாங்கி வருவது. பெட்டி அளந்ததைத் தன் மெமரியில் சேர்த்து வைத்துக்கொள்ளும். ஒரு வண்டியோ, ரோபோவோ, டிரோனோ, ஆளோ அதன் பக்கத்தில் போகும்போது அந்தக் கொஞ்ச தூரத்துக்கு மட்டும் மெல்லிய குரலில் ஒப்புவித்துவிடும். இப்படிப் போய் வாங்கி வருவதற்கு மொபைல் டேட்டா கலெக்டர் என்று பெயர். ஜீப்பில் வரும் மாவட்ட கலெக்டரை நினைத்துக்கொள்ள வேண்டாம். நாம் 'சேகரிப்பாளர்' என்றே சொல்வோம்.

இது புதிய யோசனை அல்ல. 2003-ல் இன்டெல் ஆராய்ச்சிக் கூடத்தையும் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தையும் சேர்ந்தவர்கள் இதற்கு 'டேட்டா மியூல்' என்று பெயர் வைத்துக் கட்டுரை வெளியிட்டார்கள். மியூல் என்றால் கோவேறு கழுதை. பொதி சுமக்கும் கழுதை போல டேட்டா சுமப்பதால் அந்தப் பெயர். அதில் அவர்கள் சொன்ன முக்கியமான விஷயம், இதற்கென்று தனி வண்டி வாங்க வேண்டாம். அந்தப் பக்கம் எப்படியும் போய்வரும் மனிதர், விலங்கு, வாகனம் எதுவானாலும் பயன்படுத்திக்கொள்ளலாம் என்பது. இந்த ஒரு வரியை நினைவில் வையுங்கள். கடைசியில் இதற்குத் திரும்பி வருவோம்.

எங்கள் ஏழு பெட்டிகள்

நாங்கள் நான்கு பேர். எங்கள் கல்லூரியிலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரத் தொலைவில் ஓர் ஏரிப் பாசன ஊர். ஏரியிலிருந்து இரண்டு வாய்க்கால்கள் வயல்களுக்குப் போகின்றன. கடைமடை விவசாயிகளுக்குத் தண்ணீர் ஒழுங்காக வந்து சேருவதில்லை என்று நெடுநாள் புகார். வாய்க்கால்களில் எங்கெங்கே எவ்வளவு தண்ணீர் ஓடுகிறது என்று அளந்து சொல்வதுதான் எங்கள் ப்ராஜெக்ட்.

ஏழு சென்சார் பெட்டிகள் செய்தோம். உள்ளே இருந்தது ஆர்டுயினோ நானோ என்ற குட்டி போர்டு. மின்சாரம் போனாலும் அழியாத மெமரி அதில் 1,024 பைட் மட்டுமே. ஓர் அளவீட்டுக்கு 2 பைட். ஆகவே 512 அளவீடுகளை வைத்துக்கொள்ளலாம். 513-வது வந்தால் முதல் அளவீடு அழிந்து அந்த இடத்தில் இது உட்காரும். எங்கள் ரேடியோ அந்த வயல்வெளியில் 200 மீட்டர் வரை ஒழுங்காக எட்டியது.

இப்போது ஒரு கிராஃப் தாளை எடுத்துக்கொள்ளுங்கள். 1 சென்டிமீட்டர் என்பது 100 மீட்டர். இடது கீழ் மூலையில் 'வீடு' என்று ஒரு புள்ளி. அதுதான் எங்கள் லேப்டாப் இருந்த இடம். அங்கிருந்து கிழக்கே எவ்வளவு, வடக்கே எவ்வளவு என்று மீட்டரில் தருகிறேன். கணக்கு எளிதாக வர எண்களை முழுதாக்கியிருக்கிறேன்.

வீடு: கிழக்கு 0, வடக்கு 0
பெட்டி 1: கிழக்கு 400, வடக்கு 0
பெட்டி 2: கிழக்கு 800, வடக்கு 0
பெட்டி 3: கிழக்கு 1200, வடக்கு 0
பெட்டி 4: கிழக்கு 1200, வடக்கு 300
பெட்டி 5: கிழக்கு 800, வடக்கு 300
பெட்டி 6: கிழக்கு 400, வடக்கு 300
பெட்டி 7: கிழக்கு 0, வடக்கு 300

புள்ளிகளை வைத்துவிட்டால் இரண்டு வரிசைகள் தெரியும். அவையே இரண்டு வாய்க்கால்கள். பெட்டி 7 ஏரி மதகின் அருகில். 3-ம் 4-ம் கடைமடை. மிக நெருங்கிய இரண்டு பெட்டிகளுக்கு நடுவிலேயே 400 அல்லது 300 மீட்டர் இருப்பதைக் கவனியுங்கள். ரேடியோ எட்டுவது 200 மீட்டர்தான். எனவே கைமாற்றி அனுப்பும் பேச்சுக்கே இடமில்லை. யாராவது போய்த்தான் வாங்கி வர வேண்டும்.

எக்ஸெலில் கணக்கு

எக்ஸெலைத் திறந்துகொள்ளுங்கள். எக்ஸெல் இல்லாதவர்கள் இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபிஸ் கால்க் பயன்படுத்தலாம். செய்முறை ஒன்றுதான்.

1. முதல் வரியில் ஏ, பி, சி, டி காலம்களில் முறையே இடம், கிழக்கு, வடக்கு, தூரம் என்று தலைப்பு கொடுங்கள்.

2. இரண்டாம் வரியில் வீடு, 0, 0. மூன்றாம் வரி முதல் ஒன்பதாம் வரி வரை ஏழு பெட்டிகளையும் நீங்கள் போக நினைக்கும் வரிசையில் டைப் செய்யுங்கள். பத்தாம் வரியில் மறுபடியும் வீடு, 0, 0. திரும்பி வர வேண்டும் அல்லவா?

3. டி3 செல்லில் கீழ்க்கண்ட ஃபார்முலாவை டைப் செய்யுங்கள். இங்கே தமிழில் உள்ள எழுத்துக்களை நீங்கள் ஆங்கில எழுத்துக்களாக அடிக்க வேண்டும்.

=எஸ்க்யூஆர்டி((பி3-பி2)^2+(சி3-சி2)^2)

பள்ளியில் படித்த பிதாகரஸ் தேற்றம்தான் இது. எஸ்க்யூஆர்டி என்பது வர்க்கமூலம் காணும் ஃபங்ஷன். ^ குறிக்கு ஷிப்ட் கீயை அழுத்திக்கொண்டு 6-ஐ அழுத்துங்கள்.

4. டி3 செல்லின் வலது கீழ் மூலையில் உள்ள சிறு சதுரத்தை மவுஸால் பிடித்து டி10 வரை இழுத்து விடுங்கள். எல்லா வரிகளுக்கும் தூரம் வந்துவிடும்.

5. டி11 செல்லில் ஆட்டோசம் பட்டனை அழுத்தி என்டர் தட்டுங்கள். அதுவே மொத்தப் பயண தூரம்.

வரிசையை மாற்றிப் பார்க்க விரும்பினால் வரிகளைக் கட் செய்து ஒட்டாதீர்கள். ஃபார்முலாவில் உள்ள செல் முகவரிகளும் கூடவே நகர்ந்து கணக்கைக் குழப்பிவிடும். எண்களை மட்டும் மாற்றி டைப் செய்யுங்கள்.

முதல் முயற்சி: பக்கத்தில் இருப்பதற்குப் போ

எல்லோருக்கும் முதலில் தோன்றும் வழி, இப்போது நிற்கும் இடத்துக்கு எது மிக அருகில் உள்ளதோ அதற்குப் போவது. வீட்டிலிருந்து 7. அங்கிருந்து 6. பிறகு 1, 2, 5, 4, 3. கடைசியில் வீடு. எக்ஸெலில் போட்டால் 3,600 மீட்டர் வரும். தாளில் வரைந்து பாருங்கள். இரண்டு வாய்க்கால்களுக்கும் நடுவே தையல் போட்டது போல மேலும் கீழும் போய்வந்து, கடைசியில் 1,200 மீட்டர் சும்மா திரும்பி வருகிறோம். ஒவ்வொரு அடியிலும் சிக்கனமாக இருந்தும் மொத்தத்தில் செலவு கூடிவிட்டது.

இரண்டாவது முயற்சி: பின்னலை அவிழ்

வீடு, 1, 2, 4, 3, 5, 6, 7, வீடு என்று போனால்? 3,200 மீட்டர். இதையும் தாளில் வரையுங்கள். 2-லிருந்து 4-க்குப் போகும் கோடும் 3-லிருந்து 5-க்குப் போகும் கோடும் ஒன்றையொன்று வெட்டுகின்றன. இங்கே ஒரு பொன்னான விதி: நேர்கோட்டில் போக முடிகிற இடத்தில், வழி தன்னைத் தானே வெட்டிக்கொண்டால் அது நிச்சயம் மிகக் குறுகிய வழி அல்ல. வெட்டும் இரண்டு கோடுகளை நீக்கிவிட்டு அதே நான்கு புள்ளிகளை வெட்டாமல் இணையுங்கள். 2-லிருந்து 3, பிறகு 4, பிறகு 5. தலா 500 மீட்டரான இரண்டு கோடுகள் போய், தலா 400 மீட்டரான இரண்டு கோடுகள் வந்துவிட்டன. மொத்தம் 3,000 மீட்டர். ஏழு பெட்டிகளையும் நேரில் தொட்டுத் திரும்ப இதைவிடக் குறைந்த வழி இல்லை.

இப்படி இரண்டு கோடுகளை எடுத்து மாற்றிப் போட்டுப் பார்ப்பதற்கு 'டூ-ஆப்ட்' என்று பெயர். 1958-ல் குரோஸ் என்பவர் வெளியிட்ட முறை. இன்றும் பயன்படுகிறது.

"எல்லா வரிசைகளையும் கம்ப்யூட்டரே போட்டுப் பார்த்து நல்லதைச் சொல்லட்டுமே?" நியாயமான கேள்வி. ஏழு பெட்டிகளுக்கு 2,520 வழிகள். கண் இமைப்பதற்குள் முடித்துவிடும். பத்துப் பெட்டிகளுக்கு 18 லட்சத்துக்கும் மேல். பரவாயில்லை. இருபது பெட்டிகள் ஆனால், நொடிக்கு ஒரு கோடி வழிகளைச் சோதித்தாலும் 3,800 ஆண்டுகளுக்கு மேல் பிடிக்கும்! இந்தக் கணக்குக்குத்தான் டிராவலிங் சேல்ஸ்மேன் பிராப்ளம், அதாவது ஊர் சுற்றும் விற்பனையாளர் கணக்கு என்று பெயர். 1954-ல் டான்ட்ஸிக், ஃபல்கர்ஸன், ஜான்சன் என்ற மூவர் 49 அமெரிக்க ஊர்களுக்கு மிகக் குறுகிய வழியைக் கண்டார்கள். 2006-ல் கான்கார்ட் என்ற சாஃப்ட்வேரைக் கொண்டு 85,900 புள்ளிகளுக்குக் கண்டார்கள். எல்லா வழிகளையும் சோதித்து அல்ல. தேறாத வழிகளைக் கூட்டம் கூட்டமாகக் கழித்துக்கட்டும் கணித உத்திகளால்.

பெட்டியைத் தொட வேண்டாம், வட்டத்தைத் தொட்டால் போதும்

இங்கேதான் நம் கணக்கு விற்பனையாளரின் கணக்கிலிருந்து பிரிகிறது. விற்பனையாளர் கடைக்குள் போயே ஆக வேண்டும். நம் சேகரிப்பாளர் 200 மீட்டர் அருகில் போனால் போதும், ரேடியோ எட்டிவிடும். காம்பஸை எடுத்து ஒவ்வொரு பெட்டியைச் சுற்றியும் 2 சென்டிமீட்டர் ஆரத்தில் வட்டம் போடுங்கள். இனி புள்ளிகளை இணைக்க வேண்டாம். வட்டங்களுக்குள் நுழைந்து வந்தால் போதும்.

எங்கள் ஊரில் இரண்டு வாய்க்கால்களுக்கும் சரியாக நடுவில் ஒரு வண்டிப் பாதை உண்டு. இரண்டு பக்கமும் 150 மீட்டர். அதில் போனாலே ஏழு பெட்டிகளும் எட்டுகின்றன. வீட்டிலிருந்து பாதைக்கு 150 மீட்டர். பாதையில் 1,100 மீட்டர் போய்விட்டால் கடைசி இரண்டு பெட்டிகளும் 180 மீட்டர் தொலைவுக்குள் வந்துவிடும். அப்படியே திரும்பலாம். போகவர மொத்தம் 2,500 மீட்டர். வரப்பில் இறங்கி ஏறும் வேலையும் இல்லை.

வண்டி நிற்காமல் போனால் டேட்டா இறங்க நேரம் போதுமா? அதையும் கணக்குப் போட வேண்டும். பாதையின் ஓரிடத்தில் ஒரு பெட்டியின் வட்டத்துக்குள் நுழைந்து மறுபுறம் வெளியேறும் வரை 264 மீட்டர். சைக்கிளின் வேகம் மணிக்கு 12 கிலோமீட்டர் என்றால் இதைக் கடக்க 79 நொடி. எங்கள் ரேடியோவின் வேகம் நொடிக்கு 250 கிலோபிட். 1,024 பைட் இறங்கச் சில நொடிகளே போதும், இடையில் தவறினால் மறுமுறை அனுப்புவதையும் சேர்த்து. ஆனால் பெட்டியில் தலா 1 எம்பி அளவுள்ள பத்துப் படங்கள் இருந்தால் ஐந்து நிமிடத்துக்கு மேல் வேண்டும். அப்போது நின்றுதான் ஆக வேண்டும். எங்கே, எவ்வளவு நேரம் நிற்பது என்பதும் வழித் திட்டத்தில் சேர்ந்துவிடும்.

நாங்கள் கோட்டைவிட்ட இடம்

3,600-ஐ 2,500 ஆக்கிவிட்ட பெருமையில் இருந்தோம். மூன்று நாட்களுக்கு ஒருமுறை காலை பத்து மணிக்கு வந்து, பாதையில் ஒரு சுற்றுப் போய்விட்டு அடுத்த பஸ்ஸைப் பிடிப்போம். பெட்டிகள் 10 நிமிடத்துக்கு ஒருமுறை அளக்கின்றன. 512 அளவீடுகள் நிரம்ப 85 மணி 20 நிமிடம் ஆகும். மூன்று நாள் என்பது 72 மணி. தாராளம்.

ஆனால் மதகருகே இருந்த 7-ம் பெட்டியை மட்டும் 5 நிமிடத்துக்கு ஒருமுறை அளக்கும்படி மாற்றியிருந்தோம். மதகு எப்போது திறந்தது, எப்போது மூடியது என்பது துல்லியமாகத் தெரிய வேண்டும் என்பதற்காக. மாற்றியது நான்தான். அது 42 மணி 40 நிமிடத்தில் நிரம்பிவிடும் என்று கணக்குப் பார்க்காததும் நான்தான்.

அந்த ஊரில் மதகைத் திறந்து மூடி, வயல்களுக்கு முறை வைத்துத் தண்ணீர் விடுபவர் நீர்க்கட்டி. அறுபது வயதைத் தாண்டிய பெரியவர். ஒரு திங்கட்கிழமை இரவு கடைமடைக்காரர்களின் முறை. தண்ணீர் வரவில்லை. நீர்க்கட்டி மதகைச் சீக்கிரமே மூடிவிட்டார் என்று அவர்கள் சொன்னார்கள். விடிய விடியத் திறந்துதான் இருந்தது என்று அவர் சொன்னார். வியாழக்கிழமை நாங்கள் போனபோது ஊரே கூடியிருந்தது. "காலேஜ் பசங்க பொட்டி வெச்சிருக்காங்களே, அது சொல்லட்டும்" என்று அவரே எங்களைக் கைகாட்டினார்.

லேப்டாப்பைத் திறந்தோம். 7-ம் பெட்டியின் டேட்டா செவ்வாய் மாலை 3.20-லிருந்துதான் தொடங்கியது. மூன்று நாட்களில் அது எடுத்தது 864 அளவீடுகள். கையில் இருந்தது 512. முதல் 352, அதாவது 29 மணி 20 நிமிட டேட்டா, அழிந்துபோயிருந்தது. திங்கட்கிழமை இரவு முழுதும் அதில் அடக்கம். "மெமரி நிறைஞ்சு போச்சுங்க" என்றேன். கூட்டத்தில் ஒருவர் சிரித்தார். நீர்க்கட்டி எதுவும் சொல்லாமல் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

கெடுவை முதலில் பார், தூரத்தைப் பிறகு பார்

அன்று ஹாஸ்டலில் உட்கார்ந்து மறுபடியும் கணக்குப் போட்டோம். ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு கெடு உண்டு. மெமரியில் கொள்ளும் அளவீடுகளை, எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை அளக்கிறதோ அந்த எண்ணால் பெருக்கினால் கெடு கிடைக்கும். எக்ஸெலில் இதற்கும் ஒரு காலம் போட்டுக்கொள்ளுங்கள். அந்தக் கெடுவுக்குள் ஒருமுறையாவது சேகரிப்பாளர் வந்தாக வேண்டும்.

7-ம் பெட்டியை ஒருநாள் விட்டு ஒருநாள் பார்த்தால் போதும் என்று முதலில் நினைத்தோம். 48 மணி ஆகிறது; கெடுவோ 42 மணி 40 நிமிடம். ஒவ்வொரு முறையும் 64 அளவீடுகள் போய்விடும். ஆகவே தினமும் பார்த்தே ஆக வேண்டும்.

பெட்டிகளை நேரில் தொடும் 3,000 மீட்டர் வழியில் தினமும் முழுச் சுற்றுப் போனால் ஆறு நாளில் 18 கிலோமீட்டர். அதற்குப் பதில், மூன்று நாளுக்கு ஒருமுறை வண்டிப் பாதையில் முழுச் சுற்று, மற்ற நாட்களில் 7-ம் பெட்டிக்கு மட்டும் பாதை முனைவரை போய்வரும் 300 மீட்டர் குட்டிச் சுற்று என்று வைத்தால்? 2,500 இரண்டு முறை, 300 நான்கு முறை. மொத்தம் 6.2 கிலோமீட்டர். மூன்றில் ஒரு பங்கு. எல்லாப் பெட்டிகளையும் ஒரே மாதிரி நடத்த வேண்டியதில்லை என்பதுதான் இதன் பாடம். பால்காரர் கைக்குழந்தை வீட்டுக்கு முதலில் போவது போல.

கணக்கு சரி. ஆனால் தினமும் பஸ் ஏறி வர எங்களால் முடியாது. இதைச் சொல்லி மன்னிப்பும் கேட்கலாம் என்று நீர்க்கட்டியைத் தேடிப் போனோம். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் சொன்னார்: "நான் தெனம் ரெண்டு வேளை மதகுக்குப் போறவன்தானே தம்பி. ஒருநாள் விட்டு ஒருநாள் கடைமடை வரைக்கும் போவேன். அந்தப் பொட்டிய என் சைக்கிள்ல கட்டிவுட்டா ஆகாதா?"

டேட்டா மியூல் கட்டுரையை நாங்கள் நால்வரும் செமினாருக்காகப் படித்திருந்தோம். இந்த யோசனை எங்களுக்கு வரவில்லை. சேகரிக்கும் பெட்டியில் ஒரு மெமரி கார்டைச் செருகி அவர் சைக்கிள் கேரியரில் கட்டினோம். மதகுப் பெட்டி பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை காலியானது. மற்றவை 48 மணிக்கு ஒருமுறை. எல்லாம் கெடுவுக்குள். இதற்கென்று யாரும் கூடுதலாக ஒரு மீட்டர்கூடப் போகவில்லை. நாங்கள் வாரம் ஒருமுறை வந்து கார்டை மட்டும் காப்பி செய்துகொண்டோம்.

அடுத்து வந்த கடைமடை முறையின்போது டேட்டா முழுதாகக் கிடைத்தது. மதகு விடியும் வரை திறந்திருந்தது. 2-ம் பெட்டியில் நீர்மட்டம் உயர்ந்தது. 3-ல் உயரவே இல்லை. இரண்டுக்கும் நடுவில் போய்ப் பார்த்தபோது வாய்க்காலில் மண்ணும் கோரையும் அடைத்துக் கிடந்தன. வெட்டிச் சுத்தம் செய்தார்கள்.

கென்யாவிலும் கர்நாடகத்திலும்

உலகில் வேறு இடங்களில் இதை எப்படிச் செய்தார்கள் என்பதையும் சுருக்கமாகப் பார்ப்போம்.

அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தார் ஜீப்ராநெட் என்ற திட்டத்தில் கென்யாவின் வரிக்குதிரைகளுக்கு ஜிபிஎஸ், மெமரி, ரேடியோ கொண்ட கழுத்துப் பட்டைகளைக் கட்டினார்கள். 2004 ஜனவரியில் களத்தில் சோதித்தார்கள். அங்கே பெட்டிகளே ஓடுகின்றன! எனவே இரண்டு வரிக்குதிரைகள் அருகில் வரும்போது பட்டைகள் தங்கள் டேட்டாவைப் பரிமாறிக்கொள்ளும்படி வைத்தார்கள். ஆராய்ச்சியாளரின் வண்டி எல்லாவற்றையும் துரத்த வேண்டாம். சிலவற்றின் அருகில் போனாலே மற்றவற்றின் டேட்டாவும் கிடைக்கும்.

கர்நாடகத்தின் தொட்டபள்ளாபூர் பகுதியில் 2000-களின் தொடக்கத்தில் டாக்நெட் என்ற திட்டம். டாக் என்றால் இந்தியில் தபால். எம்ஐடி மீடியா லேப் ஆராய்ச்சியாளர்களின் யோசனை. கிராமத்துக்குப் போகும் பஸ்ஸில் வைஃபை கருவியைப் பொருத்தினார்கள். கிராமக் கம்ப்யூட்டரில் கொடுத்த நிலப் பதிவேட்டு விண்ணப்பங்களை அந்த பஸ் வாங்கிக்கொண்டு நகரத்தில் சேர்த்தது. இது சென்சார் டேட்டா அல்ல. ஆனால் தத்துவம் ஒன்றே: எப்படியும் போகிற வண்டி.

இப்போது லோரா என்ற ரேடியோ முறை குறைந்த பேட்டரியில் பல கிலோமீட்டர் எட்டுகிறது. எங்கள் ப்ராஜெக்ட்டை இன்று செய்தால் அதையே பயன்படுத்துவேன். ஆனால் அதன் வேகம் மிகக் குறைவு. நீர்மட்டம் போன்ற சிறு எண்களுக்குப் போதும். படம், ஒலி போன்றவற்றுக்குப் போதாது. கடலுக்கு அடியில் ரேடியோ அலையே சில மீட்டரில் அடங்கிவிடுகிறது. அங்கெல்லாம் போய் வாங்கி வரும் ரோபோவுக்கு வழி போட்டுக் கொடுக்கும் வேலை இன்னும் இருக்கிறது.

நினைவில் கொள்ள

1. முதலில் ஒவ்வொரு பெட்டியின் கெடுவைக் கணக்கிடுங்கள்.
2. அந்த வழியாக எப்படியும் போகிறவர் யாராவது உண்டா என்று பாருங்கள்.
3. இல்லையென்றால் வழியை வரையுங்கள். ஒன்றையொன்று வெட்டும் கோடுகளை அவிழுங்கள்.
4. புள்ளியைத் தொட வேண்டாம். ரேடியோ வட்டத்தைத் தொட்டால் போதும்.
5. வட்டத்துக்குள் இருக்கும் நேரத்தில் டேட்டா முழுதும் இறங்குமா என்று சரிபாருங்கள்.

வீட்டுப் பயிற்சியாக, உங்கள் வீட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை போக வேண்டிய இடங்களை எக்ஸெலில் போட்டுப் பாருங்கள். காய்கறிக் கடை, கேஸ் ஏஜென்சி, ரேஷன் கடை, உறவினர் வீடு. ஒவ்வொன்றும் எத்தனை மணிக்கு மூடும் என்று ஒரு காலம் சேருங்கள். மிகக் குறுகிய வழியும் சரியான வழியும் வேறு வேறாக வருவதை நீங்களே காண்பீர்கள்.

எங்கள் ப்ராஜெக்ட்டுக்கு நல்ல மதிப்பெண் கிடைத்தது. அந்த எக்ஸெல் ஃபைல் இப்போதும் என் கம்ப்யூட்டரில் இருக்கிறது. அதில் அந்தத் திங்கட்கிழமை இரவுக்கு உரிய வரிகளைக் காலியாகவே விட்டிருக்கிறேன். வாய்க்காலைச் சுத்தம் செய்த அன்று ஊரார் நீர்க்கட்டியிடம் நல்லபடியாகவே பேசினார்கள். ஆனால் அந்த ஓர் இரவு மதகு திறந்திருந்ததா என்பதற்கு, அவர் வாய்வார்த்தையைத் தவிர வேறு சாட்சி கிடையாது. அதை வைத்திருந்து அழித்தது நான் அமைத்த பெட்டிதான்.